பட்டர்வொர்த் வானில் ஒரு கப்பல் விமானம்: ஹார்னெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியிருப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தெலுக் ஆயர் தாவார் பக்கம். பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளம் வீட்டிலிருந்து பக்கம்தான். மாலையில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் நடக்கும்போது ஹார்னெட் போர் விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் அப்பாக்களும் வாசலில் நின்று ஒன்றிரண்டு கேட்பார்கள். இத்தனை வருடமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரட்டை வாலோடு பறக்கிறதே, அது என்ன விமானம்?

எஃப்/ஏ-18டி ஹார்னெட். அமெரிக்கக் கடற்படைக்காக, விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி இறங்குவதற்காகவே உருவான போர் விமானம். மலேசியா 1993-இல் எட்டு விமானங்களுக்கு முடிவு செய்தது. 1997-இல் அவை வந்து சேர்ந்தன. அரச மலேசிய ஆகாயப் படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), பட்டர்வொர்த்தில் இருந்து அவற்றைப் பறக்க வைக்கிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. பின்னால் நிற்கும் இரண்டு வால் துடுப்புகளும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், இரண்டு கையையும் சற்று விரித்து மேலே தூக்கினாற்போல. நம் ஆகாயப் படையின் இன்னொரு போர் விமானமான சுக்கோய்-30க்கும் இரட்டை வால்தான், ஆனால் அவை நேராக நிற்கும். ஒரே வாலோடு சின்னதாகப் போனால் அது ஹாக் என்ற இலகு போர் விமானம்.

நம்மிடம்தான் விமானந்தாங்கிக் கப்பலே இல்லையே, பிறகு கடற்படை விமானம் எதற்கு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். ஹார்னெட்டை வாங்கிய வெளிநாடுகள் ஏழு: கனடா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், குவைத், சுவிட்சர்லாந்து, பின்லாந்து, மலேசியா. இந்த ஏழில் ஒன்றுகூட அதைக் கப்பலில் வைத்துப் பறக்கவிட்டதில்லை. சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆக, நாம் செய்தது விசித்திரமான காரியம் இல்லை. எல்லாரும் செய்ததைத்தான் நாமும் செய்தோம்.

ஏன் வாங்கினார்கள்? கப்பலுக்காகச் செய்த ஒவ்வொரு ஏற்பாடும் தரையிலும் உதவுகிறது. அதிலும் நம்மைப் போன்ற நாட்டுக்கு ரொம்பவே உதவுகிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பட்டர்வொர்த்துக்கும் கிழக்கு மலேசியாவின் லாபுவானுக்கும் இடையே 1,600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, நடுவில் பெரும்பாலும் தென்சீனக் கடல். அந்தத் தண்ணீருக்கு மேல் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் விமானிக்குப் போக்கிடம் இல்லை. ஹார்னெட்டுக்கு இரண்டு எஞ்சின். அப்புறம் உப்புக் காற்று. நம் தளமே கடலோரம்தான் இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரில் வீட்டுக் கேட்டுக்கு எத்தனை முறை சாயம் அடித்தாலும் துருப்பிடிக்கும். கடல் நடுவே கப்பல் தளத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய விமானம் என்பதால், அரிப்பைத் தாங்கும்படியே ஹார்னெட்டை முதலிலிருந்து கட்டினார்கள்.

நமக்குப் பக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பல் வைத்திருக்கும் நாடு தாய்லாந்து. சக்ரி நருபெட் என்ற அந்தச் சிறிய கப்பலும் 1997-இல்தான் படையில் சேர்ந்தது, நம் ஹார்னெட்டுகள் வந்த அதே ஆண்டு. ஆனால் ஹார்னெட் அதில் இறங்க முடியாது. விமானத்தை எறியும் கவணும், இறங்கும்போது பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பிகளும் அதில் இல்லை. செங்குத்தாக இறங்கும் ஹாரியர்களை வைத்திருந்தார்கள். அவை ஓய்வு பெற்ற பிறகு இப்போது அங்கே ஹெலிகாப்டர்கள் மட்டும்தான்.

ஹார்னெட் எப்படிப் பிறந்தது?

ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆகாயப் படை ஓர் எடை குறைந்த போர் விமானத்துக்குப் போட்டி வைத்தது. இறுதிக்கு வந்தவை இரண்டு. ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஒய்எஃப்-16, ஒற்றை எஞ்சின். நார்த்ராப் நிறுவனத்தின் ஒய்எஃப்-17, இரட்டை எஞ்சின். 'கோப்ரா' என்று அதற்குப் பெயர். 1975 ஜனவரியில் ஒய்எஃப்-16 வென்றது. இன்று சிங்கப்பூரும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வைத்திருக்கும் எஃப்-16 அதுதான். கோப்ராவின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் கடற்படைக்கு வேறொரு தலைவலி. அவர்களுடைய எஃப்-14 டாம்கேட் அருமையான விமானம், ஆனால் விலை கடுமை. கூடவே ஏ-7 போன்ற தாக்குதல் விமானங்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றை அடியிலிருந்து தொடங்காமல், ஆகாயப் படைப் போட்டிக்கு வந்த இரண்டில் ஒன்றை எடுத்துப் பாருங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. நார்த்ராப்புக்குக் கப்பல் விமானம் செய்த அனுபவம் இல்லை. ஆகவே ஃபான்டம் என்ற கப்பல் விமானத்தைச் செய்து பழகிய மெக்டோனல் டக்ளஸ் நிறுவனத்தோடு கைகோர்த்தது. 1975 மே 2-ஆம் தேதி கடற்படை இவர்கள் பக்கம் சாய்ந்தது. வென்றதை விட்டுவிட்டுத் தோற்றதை எடுத்தார்கள். கடலுக்கு மேல் இரண்டு எஞ்சின் வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எடுத்ததும் அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. இறக்கையைப் பெரிதாக்கினார்கள், அப்போதுதான் மெதுவாக வந்து இறங்கலாம். சக்கரக் கால்களைப் பல மடங்கு பலமாக்கினார்கள். இறக்கை நுனி மடங்க வேண்டும், பின்னால் கொக்கி வேண்டும், முன் சக்கரத்தில் கவணோடு பூட்டும் தண்டு வேண்டும், எரிபொருளும் கூடுதலாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் சேர்ந்த பிறகு கோப்ராவின் சாயல் மட்டும் மிஞ்சியது, உடம்பு வேறாகிவிட்டது. 1978 நவம்பர் 18-இல் முதல் ஹார்னெட் பறந்தது. 1983 ஜனவரியில் அமெரிக்க மரைன் படையின் 314-ஆம் ஸ்குவாட்ரன் அதை முதலில் போர்ப் பணிக்கு ஏற்றுக்கொண்டது.

கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. கொக்கியும் மடங்கும் இறக்கையும் தரைக்கு எதற்கு என்று நினைத்து, எடை குறைந்த ஒரு 'தரை ஹார்னெட்டை' நார்த்ராப் தனியாக விற்கப் பார்த்தது. எஃப்-18எல் என்று பெயர். காகிதத்தில் அது இன்னும் வேகம், இன்னும் லேசு. ஒரு நாடும் வாங்கவில்லை. கனடா முதல் ஸ்பெயின் வரை எல்லாருக்கும் கப்பல் விமானம்தான் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையே நூற்றுக்கணக்கில் வாங்கும் ஒன்றுக்குத்தான் உதிரிப் பாகம் காலமெல்லாம் கிடைக்கும், மேம்பாடு நடந்துகொண்டே இருக்கும். கார் வாங்கும்போது நாமும் இதைத்தானே பார்க்கிறோம்.

பெயரில் ஏன் 'எஃப்/ஏ' என்று இரண்டு எழுத்து?

எஃப் என்றால் வான் சண்டை, ஏ என்றால் தரைத் தாக்குதல். தொடக்கத்தில் எஃப்-18, ஏ-18 என்று இரண்டு தனி விமானங்களாகவே செய்ய நினைத்தார்கள். ஆயுதம் தாங்கும் இடங்களிலும் மின்னணுக் கருவிகளிலும் சிறு மாற்றம் செய்தால் ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கும் என்று தெரிந்ததும் சேர்த்துவிட்டார்கள். கப்பலில் இடம் அரிது. ஒரே விமானம் இரண்டு வேலை பார்த்தால் பாதி இடம் மிச்சம். எட்டே விமானம் வாங்கும் நாட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கப்பலிலிருந்து கிளம்புவது எப்படி?

பட்டர்வொர்த் ஓடுபாதை சுமார் 2.4 கிலோமீட்டர். நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலின் மொத்த நீளமே 333 மீட்டர்தான். அதில் கிளம்புவதற்குக் கிடைப்பது நூறு மீட்டருக்கும் குறைவு.

அதனால் விமானத்தைக் கவணில் வைத்த கல் மாதிரி எறிகிறார்கள். தளத்துக்கு அடியில் நீண்ட உருளைகள், அவற்றுக்குள் நீராவி அழுத்தம். தளத்தின் மேல் ஒரு சிறிய கொண்டி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஹார்னெட்டின் முன் சக்கரத்தில் உள்ள தண்டு அதில் மாட்டும். எஞ்சின்கள் முழு வேகத்தில் உறும, கவணை விடுவிப்பார்கள்.

இதை ஒருமுறை வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன். நிலையிலிருந்து மணிக்கு 260 கிலோமீட்டர், தூரம் 94 மீட்டர், முடுக்கம் எவ்வளவு? படிவம் ஐந்து மாணவி ஒருத்தி வெண்பலகையில் போட்டாள். 260-ஐ 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 72.2 மீட்டர். அதை இருபடியாக்கி, தூரத்தின் இரு மடங்கான 188-ஆல் வகுத்தால் 27.7. பக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று எழுதி வகுத்துப் பார்த்துவிட்டு, "சார், கிட்டத்தட்ட மூணு மடங்கு! ரெண்டரை செகண்டுல முடிஞ்சிடுது!" என்று திரும்பினாள். விமானி தன் எடையைப் போல மூன்று மடங்கு கனத்தோடு நாற்காலியில் அழுந்துகிறார், இரண்டரை வினாடியில் கடலுக்கு மேல் இருக்கிறார். சூத்திரம் வெறும் சூத்திரமாக இல்லாமல் போன நாள் அது.

அந்த நேரத்தில் விமானி கையை எடுத்துவிடுவாராமே, உண்மையா?

உண்மைதான். ஹார்னெட்டில் கவண் இழுக்கும்போது விமானியின் வலது கை, மேற்கூரைச் சட்டத்தில் உள்ள ஒரு கைப்பிடியைப் பிடித்திருக்கும். கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடாது. அவ்வளவு அழுத்தத்தில் கை தன்னையறியாமல் தண்டைப் பின்னால் இழுத்துவிட்டால் மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொள்ளும். விமானம் தளத்தை விட்டு நீங்கியதும் சரியான கோணத்துக்கு மூக்கை உயர்த்துவது கணினிதான். அதன் பிறகே விமானி தண்டைப் பிடிப்பார்.

ஹார்னெட்டில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி இருக்கிறது. நான்கு தடங்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டு வேலை செய்யும். டிஜிட்டல் முறையில் இப்படிப் பறந்த தொடக்ககாலப் போர் விமானங்களில் இதுவும் ஒன்று. இன்று பயணிகள் விமானங்களில்கூட இது வழக்கமாகிவிட்டது. 1978-இல் அது துணிச்சலான காரியம்.

இறங்குவது இன்னும் கடினமா?

ரொம்பவே. கப்பலில் இறங்குவதற்கான ஓடுதளம், கப்பல் போகும் திசைக்குச் சற்று இடப்பக்கமாகத் திரும்பியிருக்கும். கப்பல் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதால் விமானியின் கண்ணுக்கு இறங்கும் பாதை ஓயாமல் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். கடல் கொந்தளித்தால் தளம் ஏறி இறங்கும். இரவென்றால் சுற்றிலும் இருட்டு. நடுவே ஒரு சின்ன ஒளி வரிசை. அந்த விளக்கு அமைப்பில் தெரியும் ஒளிப்புள்ளி நடுவில் நின்றால் உயரம் சரி. மேலே போனால் விமானம் உயரத்தில் இருக்கிறது, கீழே போனால் தாழ்ந்திருக்கிறது.

தளத்தின் குறுக்கே மூன்று அல்லது நான்கு எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வால் பக்கம் தொங்கும் கொக்கி அதில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் விமானி செய்வது என்ன என்று வகுப்பில் கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் "பிரேக்" என்பார்கள். இல்லை. எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். கொக்கி கம்பியைத் தவறவிட்டால், அடுத்த வினாடியே மறுபடி பறந்தாக வேண்டும். கம்பி பிடித்த பிறகுதான் வேகத்தைக் குறைப்பார். சுமார் நூறு மீட்டரில் விமானம் நின்றுவிடும்.

தரையில் இறங்கும் விமானி கடைசி நேரத்தில் மூக்கைச் சற்றுத் தூக்கி, பூப்போல அமர்த்துவார். பயணிகள் விமானம் தரையைத் தொடும்போது இறங்கு வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். கப்பலில் அந்த நாசூக்குக்கு இடமில்லை. வந்த கோணத்திலேயே வினாடிக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர் வேகத்தில் மோத வேண்டும். 15 டன் எடையை எண்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் என்ன அதிர்ச்சியோ, அந்த அதிர்ச்சி.

இதைப் படித்துவிட்டு ஹார்னெட்டின் பின்கால்களைப் பாருங்கள். லங்காவியில் நடக்கும் லிமா விமான, கடல்சார் கண்காட்சியில் ஒருமுறை கயிற்றுக்கு இந்தப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். நேரான தூண் மாதிரிக் கால் அல்ல. முழங்கால் மடிந்து பின்னால் நீண்டு, தவளை தாவுவதற்கு முன் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதிர்ச்சி வரும்போது அந்த மடிப்பு வாங்கிக்கொள்ளும். இரண்டு எஞ்சின் வாய்க்கும் நடுவே, வயிற்றோடு ஒட்டி நீண்ட தண்டாகக் கொக்கி படுத்திருந்தது. ஒரு கப்பலையும் தொடாத நம் நாட்டு விமானம், கடலை உடம்பில் சுமந்துகொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது.

அந்தக் கொக்கி இங்கே வீணாகத்தானே கிடக்கிறது?

வீண் இல்லை. பிரேக் போனால், சக்கரம் வெடித்தால், மழையில் ஓடுபாதை வழுக்கினால், ராணுவ விமானத் தளங்களில் ஓடுபாதைக் குறுக்கே கட்டும் தடுப்புக் கம்பியைப் பிடித்து நிற்கலாம். பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். போர் வந்தால் விமானத் தளங்கள்தான் முதல் இலக்கு என்பதால், நெடுஞ்சாலைகளில் ஹார்னெட்டை இறக்கிப் பழகுகிறார்கள். சாலையின் குறுக்கே கம்பியைக் கட்டி, கப்பலில் இறங்குவது போலவே கொக்கியால் பிடித்து நிறுத்துகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் அனுபவமும் சுவையானது. கவண் நமக்கெதற்கு என்று முன் சக்கரத்துத் தண்டைக் கழற்றிவிட்டார்கள். ஓடும்போது முன் சக்கரம் நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் அதே எடையில் ஒரு போலித் தண்டைத் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்று. அந்த ஆஸ்திரேலிய ஹார்னெட்டுகளும் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாட்டுப் பயிற்சிகளுக்காகப் பட்டர்வொர்த் வந்து போனவைதான். 1988 வரை இந்தத் தளமே ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது. பட்டர்வொர்த் பெரியவர்களிடம் கேட்டால் ஆஸ்திரேலியர்களின் மிராஜ் போர் விமானங்கள் பறந்த காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இறக்கை மடங்குமா?

மடங்கும். விரித்தால் 11 மீட்டருக்கு மேல், நுனியை மேல்நோக்கி மடித்தால் 8.4 மீட்டர். கப்பலின் கூடத்தில் நெருக்கி நிறுத்துவதற்கு.

வேகம் எவ்வளவு? எவ்வளவு தூரம் போகும்?

உயரத்தில் ஒலியைப் போல 1.8 மடங்கு, அதாவது மணிக்கு 1,900 கிலோமீட்டர் அளவு. சுக்கோய்-30 இதைவிட வேகம். ஹார்னெட்டின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. விமானி அறையின் ஓரத்திலிருந்து இறக்கை வரை நாகப்பாம்பின் படம் மாதிரி ஒரு விரிப்பு நீளும், கோப்ராவிடமிருந்து வந்த சொத்து. மூக்கை வெகுவாகத் தூக்கி மெதுவாகப் போகும்போதும், அந்த விரிப்பு கிளப்பும் காற்றுச் சுழல் விமானத்தை விழாமல் தாங்கும். கப்பலில் மெதுவாக இறங்கவும் அதுதான் உதவுகிறது, நெருக்கமான வான் சண்டையில் சட்டென்று திரும்பவும் அதுதான் உதவுகிறது. அதற்கும் ஒரு விலை இருந்தது: அந்தச் சுழல்கள் பின்னால் போய் வால் துடுப்புகளை ஓயாமல் அடித்ததில் துடுப்புகளின் அடியில் விரிசல் வந்தது. விரிப்பின் மேல் ஒரு சின்னத் தடுப்புத் தகட்டைப் பொருத்திச் சமாளித்தார்கள்.

குறை என்று சொன்னால் தூரம்தான். எரிபொருள் கொள்ளளவு குறைவு என்று அமெரிக்கக் கடற்படையிலேயே முதல் நாளிலிருந்து முணுமுணுப்பு இருந்தது. நம்முடையது இருவர் அமரும் டி வகை. பின் இருக்கைக்கு இடம் விட்டதில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே வெளித்தொட்டிகளும் வானில் எரிபொருள் நிரப்புவதும் அவசியம். மூக்கின் வலப்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வரும். எரிபொருள் விமானம் நீட்டும் கூடை போன்ற வாயில் விமானி அதைச் செருக வேண்டும். இதுவும் கடற்படை முறைதான். அமெரிக்க ஆகாயப் படையின் எஃப்-16 போன்றவற்றுக்கு வேறு முறை. நம் சுக்கோய்களும் இதே கூடை முறையில்தான் நிரப்பும் என்பது நமக்கு நல்ல பொருத்தம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

ராடாரும் குறிபார்க்கும் கருவிகளும் ஆயுதங்களும் அவர் பொறுப்பு. இரவில் தாழ்வாகப் பறந்து இலக்கைத் தேடும் வேலையை ஒரே ஆள் செய்தால் களைத்துப் போவார். புதியவர்களைப் பழக்கவும் அந்த இருக்கை உதவும்.

போரில் இது நிரூபித்திருக்கிறதா?

1991 ஜனவரி 17, வளைகுடாப் போரின் முதல் நாள். செங்கடலில் நின்ற சாரடோகா கப்பலிலிருந்து கிளம்பிய ஹார்னெட்டுகள், ஒவ்வொன்றும் கனமான குண்டுகளைச் சுமந்துகொண்டு ஈராக் விமானத் தளம் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எதிரே ஈராக்கின் இரண்டு மிக்-21 போர் விமானங்கள். மார்க் ஃபாக்ஸ், நிக் மோங்கில்லோ என்ற இரு விமானிகள் ஒரு பொத்தானைத் தட்டி ராடாரை வான் சண்டைக்கு மாற்றினார்கள், இரண்டையும் வீழ்த்தினார்கள், மறுபடி பொத்தானைத் தட்டி, போன வேலையை முடித்துவிட்டுத் திரும்பினார்கள். குண்டுகளை வழியில் உதறவில்லை. 'எஃப்/ஏ' என்ற அந்தச் சாய்கோட்டுக்கு அர்த்தம் அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அதே போரின் முதல் இரவில், அதே கப்பலிலிருந்து போன ஸ்காட் ஸ்பைக்கர் என்ற விமானி திரும்பவில்லை. பாலைவனத்தில் அவருடைய எச்சங்கள் கிடைத்தது 2009-இல். பதினெட்டு ஆண்டுகள் ஒரு குடும்பம் காத்திருந்தது. வெற்றிக் கதையைக் கேட்கும் பிள்ளைகளிடம் இதையும் சேர்த்தே சொல்லுவேன்.

நம் ஹார்னெட்டுகள் போர்ப் பணியில் இறங்கியது 2013 மார்ச் 5-இல். சபா லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் ஊடுருவியபோது, தரைப்படை முன்னேறுவதற்கு முன் ஹார்னெட்டுகளும் ஹாக்குகளும் குண்டு வீசின.

குவாந்தானில் விழுந்தது இதுதானா?

ஆம். 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி இரவு, குவாந்தான் விமான நிலையத்தில் கிளம்பும்போது ஒரு ஹார்னெட் தீப்பிடித்து விழுந்தது. விமானியும் பின் இருக்கைக்காரரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். எட்டு ஏழானது. மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தவில்லை. அந்த இருக்கை எப்படி வேலை செய்கிறது என்பதையே பேசினோம்.

சூப்பர் ஹார்னெட்டும் இதுவும் ஒன்றா?

பெயரும் முகமும் ஒன்று, உடம்பு வேறு. சூப்பர் ஹார்னெட் 1995-இல் முதலில் பறந்தது. இறக்கைப் பரப்பு கால் பங்கு கூடுதல், எஞ்சின் பெரிது, எரிபொருள் அதிகம், ஆயுதம் தொங்கவிடும் இடங்கள் ஒன்பதுக்குப் பதில் பதினொன்று. தூரத்திலிருந்து பிரித்தறிய ஒரு வழி: எஞ்சினுக்குக் காற்று புகும் வாய் வளைவாக இருந்தால் பழைய ஹார்னெட், சதுரமாகச் சாய்ந்திருந்தால் சூப்பர்.

அமெரிக்கக் கடற்படை பழைய ஹார்னெட்டை 2019-இல் போர் ஸ்குவாட்ரன்களிலிருந்து விலக்கிவிட்டது. 2024 நவம்பரில் ஆப்ரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பல் போர்ட் கிள்ளானுக்கு வந்தபோது அதன் தளத்தில் சூப்பர் ஹார்னெட்டுகளும் எஃப்-35சி விமானங்களும்தான் நின்றன. அந்த எஃப்-35சி-க்களை வைத்திருந்தது 314-ஆம் மரைன் ஸ்குவாட்ரன். மேலே சொன்னேனே, 1983-இல் முதல் ஹார்னெட்டை ஏற்றுக்கொண்டவர்கள், அதே ஸ்குவாட்ரன்தான்.

இந்தியக் கடற்படையிடம் ஹார்னெட் உண்டா? சென்னையில் உள்ள மாமா கேட்கச் சொன்னார்.

இல்லை. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல்களான விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டிலும் கவண் கிடையாது. முன்பக்கத் தளம் சறுக்குமரத்தின் நுனி மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் சொந்த பலத்தில் ஓடி அந்த வளைவில் எம்பும். கம்பி பிடித்து இறங்குவது மட்டும் ஒரே மாதிரி. இப்போது மிக்-29கே பறக்கிறது. நாம் ஹார்னெட்டோடு சேர்த்து வாங்கி, பிறகு ஓய்வு கொடுத்த மிக்-29இன் கடற்படைத் தம்பி அது. சூப்பர் ஹார்னெட்டை 2022-இல் கோவாவில் அந்த வளைவில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் 2025-இல் பிரான்சின் ரஃபால் கடற்படை விமானங்கள் 26-க்குத்தான் ஒப்பந்தம் ஆனது. இந்தியாவே செய்த தேஜஸின் கடற்படை வடிவமும் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யாவில் கம்பி பிடித்து இறங்கியிருக்கிறது. அதை மாமாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

லங்காவியில் ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கும் லிமா. ஆகஸ்டில் தேசிய தினத்துக்கு முன்னால் நடக்கும் அணிவகுப்புப் பறத்தல் ஒத்திகை. சாதாரண நாளில் தெலுக் ஆயர் தாவார் கடற்கரை; மீன் சாப்பிட்டுக்கொண்டே தலைக்கு மேல் போவதைப் பார்க்கலாம். தள வேலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதி, அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஹார்னெட் போன பிறகு என்ன வரும்?

முழு மாற்று எது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் 2023 மே மாதம் லிமாவில் மலேசியா, தென்கொரியாவின் எஃப்ஏ-50 இலகு போர் விமானங்கள் 18-க்குக் கையெழுத்துப் போட்டது. அது சின்னது, ஒற்றை எஞ்சின், கப்பலோடு சம்பந்தமே இல்லாதது. ஆனால் அதன் எஞ்சின் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்404 வகை. ஹார்னெட்டுக்குள் இரண்டாகச் சுற்றுவதும் அதே எஃப்404தான். தேஜஸைத் தூக்குவதும் அதே குடும்பம்தான். ஹார்னெட் கிளம்பும்போது முதலில் ஒரு கீச்சொலி வரும், அப்புறம் நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற மாதிரி ஒரு முழக்கம். அதில் பாதியையாவது எஃப்ஏ-50 கிளம்பும்போதும் கேட்கலாம் என்று எதிர்பார்க்கிறேன். வகுப்பை விட்டுவிட்டு ஒருநாள் பிள்ளைகளோடு, அது நிலைகொள்ளவிருக்கும் குவாந்தான் தளம் பக்கம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.